மழைதான் கழுவிடுதே, நீங்க எதுக்கு?



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் குழுக் கூட்டத்தில் தவறாமல் வரும் பேச்சு இது. "அக்கா, பி பிளாக் சார் இந்த மாசம் வர வேண்டாம்னுட்டாரு. மழைதான் தினம் கழுவிடுதே, நீங்க எதுக்குன்னு கேக்குறாரு." ஒருத்தர் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர், "எனக்கும் ரெண்டு கார் போச்சு" என்பார். எங்கள் குழுவில் ஐந்து பேர் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் கழுவுகிறோம். விடியற்காலை ஐந்தரைக்குப் போய் எட்டு மணிக்குள் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வீடு திரும்ப வேண்டும். வெயில் காலத்தில் வருமானம் ஒழுங்காக வரும். மழை மூன்று மாதம்தான் இடிக்கும். கார் குறைந்தால் கடன் தவணை நிற்கும், தவணை நின்றால் குழுவுக்கே கெட்ட பெயர்.

சென்னையில் ஒரு வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதமும் வருமானம் இல்லையென்றால் இந்தத் தொழிலை நம்பிக் கடன் வாங்க முடியாது. அதனால் அந்த சாரின் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தே தீர்வது என்று உட்கார்ந்தோம். டிங்கரிங் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டோம். மீதியை எங்கள் கையே கற்றுக்கொடுத்தது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் மற்றக் குழுச் சகோதரிகளுக்கும், சொந்தமாக டாக்சி ஓட்டும் நம் உறுப்பினர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறோம். நாங்கள் கழுவும் கார்களில் பாதிக்கு மேல் வெள்ளை. அதற்கடுத்து வெள்ளி நிறம். அதனால் வெளிர் நிறக் காரைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போர் தண்ணியில் ஒரு சொட்டு. நடுவில் மெட்ரோ தண்ணியில் ஒரு சொட்டு. இன்னொரு பக்கம், மழை நன்றாகப் பிடித்து அரைமணி நேரம் கழித்துத் திறந்தவெளியில் வாளி வைத்துப் பிடித்த தண்ணியில் ஒரு சொட்டு. தட்டை வெயிலில் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்க. காய்ந்த பிறகு பார்த்தால், போர் தண்ணி இருந்த இடத்தில் சுண்ணாம்பு வைத்தது போல ஒரு வெள்ளை வளையம். மெட்ரோ தண்ணி இருந்த இடத்தில் லேசான தடம். மழைத் தண்ணி இருந்த இடத்தில் உற்றுப் பார்த்தாலும் அநேகமாக ஒன்றும் தெரியாது.

இதிலிருந்து எங்களுக்குப் புரிந்தது, மழைத் தண்ணி அதன் அளவில் நல்ல தண்ணி என்பதுதான். கடல் தண்ணி ஆவியாகி மேலே போகும்போது உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் மழையில் நனைந்த காரில் புள்ளி புள்ளியாக நிற்பது என்ன? அது காற்றிலும் காரின் மேலும் ஏற்கெனவே இருந்த தூசி. முதல் தூறல் காற்றிலுள்ள புகையையும் புழுதியையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. கார் மேல் ஏற்கெனவே ஒரு நாள் தூசி உட்கார்ந்திருக்கிறது. மழை விட்டதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணி நிற்கிறது. ஒரு சொட்டு காயும்போது அதிலிருக்கும் தூசியெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கும். காபி சிந்தி உலர்ந்த தரையில் ஓரம் மட்டும் கறுத்து வட்டமாக நிற்குமே, அதே கதைதான். வெள்ளைக் காரின் மேல் அது பழுப்பு வட்டமாகத் தெரிகிறது.

இன்னொன்று, சாலையில் ஓடும் காரில் டீசல் புகையும் எண்ணெய்ப் பசையும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் குழாயடியில் காட்டினால் மட்டும் பிசுக்கு போய்விடுமா? சோப்பும் கையும் பட வேண்டும். மழை தூசியை நகர்த்தும், பசையை எடுக்காது. சேற்றுத் தண்ணியை மற்ற வண்டிகள் வாரி அடிப்பது வேறு. மழைக்காலத்தில் கார் அழுக்காவதுதான் அதிகம். பி பிளாக் சாருக்கான பதிலில் பாதி இதுதான்.

வெள்ளைக் காருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. போர் தண்ணியின் உப்புப் புள்ளி கறுப்புக் காரில் பளிச்சென்று தெரியும், வெள்ளையில் தெரியாது. மெல்லிய கீறலும் அப்படித்தான், நிழலில் தெரியாது. அதனால் "வெள்ளைக் காரு கழுவுறது ஈசி" என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் நினைத்தோம். ஆனால் சேறு, தார், துரு, ரப்பரிலிருந்து வடியும் கறுப்பு, பறவை எச்சம் எல்லாம் வெள்ளையில் தூரத்திலிருந்தே தெரியும். தெரியாத உப்பும் சும்மா இருப்பதில்லை. மாதக்கணக்கில் சேர்ந்து பெயின்டின் மினுமினுப்பைக் கொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கழுவித் துடைத்த பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை உறை போல மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சுத்தம். நைஸ் மணல் போல நறநறவென்றால் உப்போ தூளோ ஒட்டியிருக்கிறது.

காரின் பெயின்ட் எவ்வளவு மெல்லியது தெரியுமா? இரும்புத் தகட்டின் மேல் பிரைமர், நிறம், அதன் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என்று அடுக்குகள். எல்லாம் சேர்த்தே ஒரு தலைமுடியின் கனத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். மேலே இருக்கும் கிளியர் கோட் ஒரு முடியின் கனம்கூட இல்லை. சில பழைய வெள்ளைக் கார்களில் கிளியர் கோட்டே கிடையாது. பாலிஷ் போடும்போது துணியில் வெள்ளை ஏறினால் அந்த ரகம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட காரில் கை அதிகம் அழுத்தக் கூடாது.

எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், எங்கள் உறுப்பினர் ஒருவர் அவசரத்தில் காய்ந்த சேற்றைத் தண்ணி ஊற்றாமல் பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டார். காலையில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பேஸ்மென்ட் டியூப்லைட் வெளிச்சத்தில் கதவு முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல். வண்டிக்காரம்மா வாட்ச்மேனைக் கூட்டிவந்து காட்டினார். பாலிஷ் போட்டுக் கொடுக்கும் செலவைக் குழுவின் பொது நிதியிலிருந்துதான் கட்டினோம். அந்த உறுப்பினர் ஐந்து மாதத்தில் திருப்பிச் செலுத்தினார். சேற்றில் இருப்பது மணல். காய்ந்த மணலைத் துணியால் தேய்த்தால் அது உப்புக் காகிதத்தால் தேய்த்த மாதிரிதான். ஒரு பக்கெட் தண்ணியை மிச்சம் பிடிக்கப் போய் அவ்வளவு செலவு.

மழை தொடங்கும் முன் செய்ய வேண்டிய முக்கிய வேலை மெழுகு போடுவது. புரட்டாசிக் கடைசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காரை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, நிழலில் வைத்து வாக்ஸ் போட வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு கதவு அளவு இடம். மெல்லிசாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவினால் தண்ணி ஒட்டாமல் முத்து முத்தாக உருளும் அல்லவா? அதுபோல வாக்ஸ் போட்ட பானெட்டில் மழைத் தண்ணி உருண்டு ஓடும். சேறும் கெட்டியாகப் பிடிக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். மழைக்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டோம். இதற்குத் தனிக் கூலி வாங்கலாம், வாங்குகிறோம். வாக்ஸ் போட்ட காரிலும் சொட்டு நின்று காய்ந்தால் புள்ளி விழும் என்பதை மட்டும் வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "மெழுகு போட்டியே, புள்ளி எப்படி வந்துச்சு" என்பார்.

இனி கழுவும் முறை. மூன்று வாளி வேண்டும். ஒன்றில் சும்மா தண்ணி, ஒன்றில் ஷாம்பு கலந்தது, ஒன்று கைத்துணியை அலச. எடுத்தவுடன் துணியைத் தொடக் கூடாது. மக்கால் மொண்டு கூரையிலிருந்து கீழே தண்ணி விடுங்கள். சேறு படிந்த அடிப்பாகத்தில் இரண்டு முறை விட்டு, மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய சேறு தானே வழியும். பிறகு ஷாம்புத் துணியால் கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்பாதி, பம்பர் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை மூன்றாவது வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். ஒரு வேலை முடிந்து அந்த அலசும் வாளியின் அடியைத் தடவிப் பாருங்க, எவ்வளவு மணல் தங்கியிருக்கிறது என்று. அது அத்தனையும் கார் மேல் தேய்ந்திருக்கும். சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. அந்தத் துணி தவறிப்போய்க்கூட உடம்புப் பகுதிக்கு வரக் கூடாது. எங்களுடையது சிவப்புத் துணி, மாறவே மாறாது.

துணி சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டும் வேண்டாம். பிசுக்கை எடுக்கிற கெட்டிச் சோப்பு, போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். கார் ஷாம்பு பெரிய கேனாக வாங்கி ஐந்து பேரும் பங்கிட்டுக்கொண்டால் கட்டுப்படியாகும். பளபளப்பு வரும் என்று கெரோசினிலும் டீசலிலும் துடைப்பது பழைய டிரைவர்கள் பழக்கம். ஒரு நாள் மின்னும். மறுநாள் அந்த எண்ணெயில் ஊர்த் தூசியெல்லாம் ஒட்டி, வெள்ளைக் கார் சாம்பல் காராக நிற்கும்.

துடைப்பதில்தான் புள்ளி விஷயமே இருக்கிறது. புள்ளி என்பது விழுந்த தண்ணியால் வருவது அல்ல, காய்ந்த தண்ணியால் வருவது. கழுவின கையோடு ஈரத்தை எடுத்துவிட்டால் போர் தண்ணியானாலும் புள்ளி இல்லை. இதற்கு மைக்ரோ ஃபைபர் துணிதான் சரி. தடிமனான பெரிய துணியாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் துணி தண்ணியைக் குடிக்க, இரண்டாவது முடித்துத் துடைக்க. பரப்பின் மேல் துணியை விரித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுத்தால் போதும். அழுத்தத் தேவையில்லை. தையல் ஓரம் கெட்டியாக இருக்கும் பனியன் துணியும், சாயம் போகும் மஞ்சள் துணியும் வெள்ளைக் காருக்கு ஆகாது. துணி கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை மறந்துவிட வேண்டும். தட்டிவிட்டு எடுத்துத் துடைக்கத்தான் கை பரபரக்கும். மணல் போயிருக்காது.

மழை விட்டுச் சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரம்தான் ரொம்ப மோசம். பானெட் சூடேறி, ஊற்றிய தண்ணி கண் முன்னாலேயே காயும். அந்த நேரத்தில் கழுவ வேண்டாம். நிழலுக்குத் தள்ளச் சொல்லுங்கள், அல்லது ஒவ்வொரு பகுதியாகக் கழுவி உடனே துடையுங்கள். வெளியே நனைந்துவந்த காராக இருந்தால், சேறு இல்லாத பட்சத்தில் முதலில் இரண்டு மக் நல்ல தண்ணி விட்டுவிட்டுத் துடைக்கலாம்.

எல்லாம் துடைத்து நிமிர்ந்து, வண்டிக்காரர் கிளம்பிப் போய் வந்தால் கண்ணாடிக்குக் கீழே இரண்டு கோடு வடிந்திருக்கும். தண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்கள் உண்டு. பக்கக் கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட்டின் பின்பக்கம், பின் விளக்கின் ஓரம், பெட்ரோல் மூடி, ஜன்னல் ரப்பர். ஜன்னல் ரப்பரிலிருந்தும் கூரை ஓரத்திலிருந்தும் வடிகிற தண்ணிதான் வெள்ளைக் காரில் கறுப்புக் கோடு போடுவது. கடைசியாக நாலு கதவையும் டிக்கியையும் திறந்து ஓரங்களைத் துடைத்து, பக்கக் கண்ணாடியை மடக்கி விரித்து, ரப்பர்களை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம்தான். இதைச் செய்பவரையும் செய்யாதவரையும் மத்தியானத்துக்குள் கார் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணி என்பது அடுத்தது. தென்சென்னையில் பல இடங்களில் போர் தண்ணி உப்பு. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்று வைத்திருக்கிறார்கள். பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் குழுவில் பொதுவாக வைத்திருக்கிறோம். அது இல்லாமலும் தெரிந்துகொள்ளலாம். சோப்பு நுரைக்காது, வாளி ஓரத்தில் வெள்ளை வளையம் ஏறும், ஹீட்டர் கம்பியில் ஓடு பிடிக்கும். அப்படிப்பட்ட தண்ணியில் சேறு கழுவலாம், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அதற்கா பஞ்சம்? மொட்டைமாடிக் குழாய்க்கு அடியில் டிரம் வைத்தால் போதும். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், அது மாடித் தூசி. மாடி நன்றாகக் கழுவி ஓடிய பிறகு பிடியுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது, குழாய் பெரும்பாலும் தயாராக இருக்கும். அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, டிரம்மை மூடி வையுங்கள், கொசு வரும். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணியும் உப்பில்லாததுதான்.

இங்கே ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். தண்ணியை மிச்சம் பிடிக்க, ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணியில் கார் கழுவலாம் என்று சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மெஷின் உப்பைப் பிரித்து வெளியே தள்ளுகிற தண்ணி அது, உள்ளே போன போர் தண்ணியைவிடக் கெட்டி. தரை கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். காருக்கு வேண்டாம்.

பிடிவாதமான கறைகள் சில. உப்புப் புள்ளிக்குச் சமையல் வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நிறையத் தண்ணி விட்டு அலசுங்கள். காய விடக் கூடாது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் மெழுகு போயிருக்கும், மறுபடி போட வேண்டும். பேஸ்மென்டில் கான்கிரீட் கூரை ஒழுகி விழும் சொட்டு இதைவிடப் பொல்லாதது. மழைத் தண்ணி கான்கிரீட் வழியாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கார் மேல் விழுந்து காய்ந்தால் கல்லாகிவிடும். சுரண்டினால் பெயின்ட் போகும். அன்றைக்கே பார்த்தால் தண்ணியிலேயே போகும், இரண்டு நாள் ஆனால் வினிகர், பழசானால் பாலிஷ் கடைதான். ஒழுகும் இடத்தில் கார் நிற்பதைப் பார்த்தால் வண்டிக்காரரிடம் உடனே சொல்லுங்கள். நாம் காலையில் போகிறவர்கள், நம் கண்ணில்தான் முதலில் படும்.

தார்ப் புள்ளி வெள்ளைக் காரின் கீழ்ப்பாகத்தில் மிளகு தூவியது போல இருக்கும். சமையல் எண்ணெயைத் தொட்டு வைத்து ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் இளகும். துடைத்துவிட்டு ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். டயருக்குப் போடும் எண்ணெய்ப் பாலிஷும் இதே மாதிரிப் புள்ளியைப் போடும். சக்கரம் சுற்றும்போது அது மட்கார்டு ஓரத்தில் தெறிக்கும். மழைக்காலத்தில் டயர் பாலிஷே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. பறவை எச்சமும் மரப்பிசினும் அன்றன்றே போக வேண்டும். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டுத் தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

வெள்ளைக் காரில் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரிந்தால் பலர் காரே துருப்பிடித்துவிட்டதாகப் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது காரின் துரு அல்ல. பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூளும், பக்கத்தில் கிரில் வெல்டிங் செய்யும்போது பறக்கும் தூளும் பெயின்டில் ஒட்டி மழை ஈரத்தில் துருப்பிடிக்கிறது. ரயில் பாதைப் பக்கம் நிற்கும் கார்களிலும் இதைப் பார்க்கலாம். இதை எடுக்கத் தனி மருந்தும், க்ளே பார் என்ற களிமண் மாதிரிக் கட்டியும் இருக்கின்றன. பழகியவரிடம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஆசிட் பக்கம் போகவே போகாதீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிடில் கொஞ்சம் தண்ணி கலந்து சக்கரத்தைத் துடைத்தால் வெள்ளையாகிவிடும் என்று ஒருவர் பேச்சைக் கேட்டு எங்களில் ஒருவர் செய்தார். முதலில் பளிச்சென்றுதான் ஆனது. ஒரு வாரத்தில் அலாய் சக்கரம் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது. புகை மூக்கில் ஏறி இரண்டு நாள் இருமல் வேறு.

உள்ளே: வெளிர் நிறக் காரில் உள்பக்கமும் பெரும்பாலும் சந்தன நிறம்தான். மழையில் மிதியடிக்கு அடியில் செய்தித்தாள் போடுவது வழக்கம். நனைந்த தாளின் மை சந்தனக் கார்ப்பெட்டில் இறங்கினால் போகாது. பழைய துண்டு போடுங்கள், தினமும் மாற்றுங்கள். ஈர மிதியடியைக் காரிலேயே விட்டால் பூஞ்சை வாடை வரும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் குழியில் சேரும் இலைகளை எடுத்துப் போடுங்கள், தண்ணி போகும் துளை அங்கேதான். கதவின் அடியிலும் சின்னத் துளைகள் உண்டு. சேறு அடைத்தால் கதவுக்குள் தண்ணி நின்று உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வைப்பர் ரப்பரையும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு. நனைந்த காரின் மேல் கவர் போட வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றில் கவர் அசைந்து தூசியைத் தேய்க்கும்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு தேங்கிய தண்ணியில் நிற்காதீர்கள். சேற்றுப்புண் மட்டுமல்ல, எலி சிறுநீர் கலந்த தண்ணியில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், வெடிப்பு வழியாக ஏறும். ரப்பர் பூட்ஸ் வாங்கக் குழுவிலேயே சிறு கடன் கொடுத்தோம். பேஸ்மென்டில் தண்ணி ஏறியிருந்தால் வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டதாகச் சொல்லும் வரை இறங்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் கார்கள் எப்படி மூழ்கின என்று பார்த்தோம். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். தண்ணியில் நின்ற காரை "சாவி போட்டுப் பாரும்மா" என்றால் மறுத்துவிடுங்கள். இன்ஜினுக்குள் தண்ணி போயிருந்தால் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினே உடையலாம். பழி நம் தலையில் விழும். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கூலிப் பேச்சுக்கு வருவோம். மழை மாதத்துக்கு வேறு ஏற்பாடு செய்தோம். தினமும் தூசி துடைப்பதற்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் முழுக் கழுவல், மற்ற நாட்களில் கண்ணாடி, வைப்பர், விளக்கு, மிதியடி, எச்சம் இவை மட்டும். கூலி அதேதான். கொட்டுகிற மழையில் வர முடியாத நாளுக்கு மறுநாள் ஈடு. இதை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி, அக்டோபர் முதல் தேதியே ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தோம். எவர்சில்வர் தட்டையும் கையோடு எடுத்துப் போனோம். தட்டைப் பார்த்ததும் சி பிளாக் அம்மா, "எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி இவ்வளவு உப்பா?" என்று அதிர்ந்துவிட்டார். கார் பேச்சு பின்னால் போய்விட்டது, ஆனால் கூலியைக் குறைக்கவில்லை. சென்ற மழைக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து நின்றுபோனவை நாலு கார். அதற்கு முந்தின வருடம் பதினொன்று.

பி பிளாக் சார் மட்டும் இன்னும் மழைதான் கழுவுகிறது என்கிறார். அவருடைய வெள்ளைக் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. பக்கத்துக் காரைத் துடைக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. கை துறுதுறுக்கும். தொடுவதில்லை.